பதியுதீன் சேர் வாய் மூடப் பழகினார்

"இந்த ஆணத்தப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சோற்றைப் பிசைந்த கையை அப்படியே பீங்கானில் வைத்துக்கொண்டு பதியுதீன் சேர் மனைவியிடம் கேட்டார்.

ஸம்ஸியா திடுக்கிட்டுப் போனாள். கலியாணம் முடித்த காலந்தொட்டு அவளுடைய மீன் ஆணத்தைப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். புளியை எப்போது கரைத்து விடவேண்டும், தேங்காய்ப்பாலை எப்போது சேர்க்கவேண்டும், நெருப்பை எப்போது தணிக்கவேண்டும் என்றெல்லாம் விளக்கியிருக்கிறார். அடுப்படிக்குள் ஒருநாளும் கால் வைத்தவரில்லை என்றாலும் விளக்கத்தில் குறை வைத்ததில்லை. ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

"உப்புக் கூடிட்டா?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. முகத்தில் ஊக்கமான ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"புளி காணாதா?"

காத்திருந்தார்.

"மீன் பழுதா?"

அதற்கும் அதே சிரிப்புத்தான். ஸம்ஸியா பீங்கானைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உண்மையில் அன்றைக்கு ஆணம் நன்றாகவே இருந்தது. பதியுதீன் சேர் அரை வயிற்றோடு கை கழுவினார்.

அவரை இந்தப் பாட்டுக்கு ஆளாக்கியது கொழும்பிலிருந்து வந்த பயிற்சி.

அக்கரைப்பற்று றோட்டில் இருந்த ஆசிரியர் கலாசாலை ஒன்றில் பதியுதீன் விரிவுரையாளராக இருந்தார். எப்படிப் படிப்பிப்பது என்று படிப்பிப்பதுதான் அவருடைய பாடம். சாய்ந்தமருதிலிருந்து காலையில் பஸ் ஏறினால் கலாசாலை வாசலில் இறங்கும் வரைக்கும் பேசிக்கொண்டு போவார். இறங்கியபின் வகுப்பில் பேசுவார். பின்னேரம் பேசிக்கொண்டே திரும்பி வருவார். கலியாண வீடுகளில் அவரை வாழ்த்துரைக்கு அழைக்கிறவர்கள் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்தி ஆக்கச் சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆறிப்போகும்.

ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் விரிவுரையாளர்களுக்கே இரண்டு கிழமை பயிற்சி கொடுக்கக் கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்று அதிபர் அறிவித்தபோது, பதியுதீன் சேருக்குச் சிரிப்பு வந்தது.

"கிணத்துக்குத் தண்ணி ஊத்த வாறாங்களாம்" என்று பக்கத்தில் இருந்த கணித விரிவுரையாளர் தங்கராசாவிடம் சொன்னார்.

வந்தவரின் பெயர் அபுல் ஹஸன். மெலிந்த மனிதர். லண்டனில் ஒரு வருஷம் இருந்து படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். ஆனால் குரலைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகிவிடும் என்று பயந்து பேசுகிறவர்போல இருந்தது. முதல் நாளே பதியுதீன் சேரின் வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கில் மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்துகொண்டார்.

அன்றைய விரிவுரை, 'மாணவரைப் பேசவைப்பது எப்படி?' என்பது. பதியுதீன் சேர் அற்புதமாகப் பேசினார். மணி அடித்த பிறகும் பேசினார். இடையில் ஒரு தடவை இருமியதைத் தவிர ஓய்வே எடுக்கவில்லை. அந்த நேரம் முழுவதும் ஒரு மாணவரும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் விரிவுரையாளர்கள் எல்லாரும் கூடியிருந்த அறையில் அபுல் ஹஸன் தன் மெல்லிய குரலில் சொன்னார்:

"வகுப்பில ஆரு கூடக் கதைக்கிறாரோ அவருதான் கூடப் படிக்கிறாரு, சேர். இவ்வளவு காலமும் உங்கட வகுப்பில நீங்க ஒராள்தான் நல்லாப் படிச்சிருக்கிறீங்க."

தங்கராசா தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்ததாக அபுல் ஹஸன் தங்கராசாவைப் புகழ்ந்ததைத்தான் பதியுதீன் சேரால் தாங்க முடியவில்லை. தங்கராசா கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். மாணவர்கள் தங்களுக்குள் அடிபிடிப்பட்டு விடையைக் கண்டுபிடிப்பார்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தது, லண்டனில் பெரிய முறையாம்.

பயிற்சியின் கடைசி நாளான அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு மாதிரிப் பாடம் நடத்தவேண்டும் என்று அபுல் ஹஸன் சொன்னார். தேறாதவர்களைத் திரும்பவும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தங்கராசா ஒரு கதையைக் கட்டிவிட்டார். பதியுதீன் சேர் அன்றே அபுல் ஹஸனைத் தனியாகப் பிடித்து வழி கேட்டார்.

"ஒரு கேள்வியக் கேளுங்க. கேட்டுப்போட்டுச் சும்மா இருங்க. பதில் வரும் வரைக்கும் வாயத் திறக்கப்படாது. வகுப்பில மட்டும் பழகினாக் காணாது, வீட்டிலயும் பழகுங்க."

அப்படித்தான் அந்த மீன் ஆணம் வினையாகிப்போனது.

அது ஸம்ஸியாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதே வளவில், ஒரு கிடுகு வேலிக்கு அப்பால், அவளுடைய தங்கை சபூறாவின் வீடு. சபூறா வீட்டில் பிள்ளைகள் சத்தம் ஓயாது. ஸம்ஸியாவுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் முடித்த மறுவருஷம் ஒரு பெண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்னமே மௌத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வீட்டில் கேட்ட சத்தம் பதியுதீன் சேரின் பேச்சு மட்டுந்தான். தான் பேசாவிட்டால் ஸம்ஸியா அந்த அமைதிக்குள் எப்படி இருப்பாள் என்று அவர் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். அவளுக்காகவே பேசுவதாகத்தான் அவருக்கு எண்ணம்.

ஆகவே மறுநாள், சுருக்கமாக ஒரு விளக்கம் கொடுத்தார். கலாசாலையில் ஒரு பயிற்சி நடக்கிறது. குறைவாகப் பேசிப் பழக வேண்டியிருக்கிறது.

"எதுவரைக்கும்?" என்று கேட்டாள் ஸம்ஸியா.

"வாற கிழமை வெள்ளிக்கிழமையோட முடியும்."

"அதுவரைக்கும் இப்பிடித்தானா?"

அவர் தலையாட்டினார். ஸம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், தன்னால் இந்தப் பெண்ணுக்கும் கஷ்டம் என்று பதியுதீன் சேர் நினைத்துக்கொண்டார்.

பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல. கேள்வியைக் கேட்டுவிட்டால், பதிலும் அவர் நாக்கு நுனியிலேயே வந்து நின்றது. தங்கராசாதான் ஒரு உபாயம் சொன்னார். ஒரு புளியங்கொட்டையை நாக்குக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும். அது கிடக்கும்வரை பேச வராது. பதியுதீன் சேர் அன்று பின்னேரமே புளியங்கொட்டையோடு வீட்டுக்குப் போனார்.

அது நன்றாகவே வேலை செய்தது. அளவுக்கு மிஞ்சியே வேலை செய்தது.

மஃரிபு தொழுதுவிட்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்தவரிடம், முதலில் ஸம்ஸியா கோழிகளைப் பற்றிச் சொன்னாள். பிறகு, சின்ன வயதில் தான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்ததையும், பெரியபிள்ளை ஆனதும் வீட்டார் படிப்பை மறித்துவிட்டதையும் சொன்னாள். பதியுதீன் சேருக்கு இது புதுச் செய்தி. பெண்கல்வியின் அவசியத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. புளியங்கொட்டை தடுத்துவிட்டது.

அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதற்கடுத்த நாள் வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருட்டு விழும் முற்றத்தைப் பார்த்தபடி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"அந்தப் புள்ளைக்கி நான் ஒரு பேர் நினைச்சு வெச்சிருந்தன். உங்களுக்கிட்டச் சொல்லல்ல. சொல்ல நேரம் வரல்ல. அந்தப் பேர…"

அவள் கண்ணில் நீர் கட்டியது. பதியுதீன் சேரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. புளியங்கொட்டையைக் கையில் துப்பிவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். பொறுமையின் சிறப்பைச் சொன்னார். அல்லாஹ் தந்ததை அல்லாஹ்வே எடுத்துக்கொண்டான் என்றார். பச்சைப் பிள்ளைகள் சுவர்க்கத்துப் பறவைகள் என்றார். எல்லாம் அருமையான வார்த்தைகள். அவர் பேசி முடித்தபோது ஸம்ஸியா வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

பதியுதீன் சேர் யோசித்துப் பார்த்தார். தான் பேசாமல் விட்டதால்தான் பழைய துக்கமெல்லாம் மேலே வருகிறது. இத்தனை வருஷமாகத் தன் பேச்சு அவளை இந்த நினைவுகளிலிருந்து காத்து வந்திருக்கிறது. இப்போது பயிற்சிக்காக அவளைத் தனியே விட்டுவிட்டோம். என்ன செய்யலாம்? பேச்சைத் தொடங்கினால் வெள்ளிக்கிழமைப் பாடம் பாழ். ஆகவே அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்து மனதை ஆற்றுவது என்று முடிவு செய்தார்.

நல்ல சேலை வேண்டுமென்றால் மருதமுனைக்குத்தான் போகவேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனை கடந்து மருதமுனைக்குப் போய், தறி வீடொன்றில் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றைத் தெரிந்தெடுத்தார். வாயில் புளியங்கொட்டை இருந்ததால் பேரம் பேச முடியவில்லை. கையால் காட்டிக் காட்டி வாங்கினார். நெசவுகாரப் பெண்ணொருத்தி அதைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் கொடுத்துச் சிரித்தாள். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, வலைக்கு நூல் வாங்க வந்த சபூறாவின் கணவர் முகம்மது தம்பி தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

முகம்மது தம்பி கரைவலைக்காரர். கடலில் மீன் திரளும் இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுவிடும் கண் அவருக்கு. அந்தக் கண்ணுக்கு மருதமுனை வாசலில் பட்டது போதுமானதாக இருந்தது. வீட்டில் சில நாளாகப் பேச்சில்லை. ஸம்ஸியா கண்கலங்கித் திரிகிறாள் என்று சபூறா வேறு சொல்லியிருந்தாள். இப்போது சேலை. அவர் கணக்கைக் கூட்டி விடை கண்டுவிட்டார். பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து முற்றத்தில் நின்றார். வயதில் மூத்தவர் என்பதால் பதியுதீனை அவர் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவது.

"காக்கா, ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லுங்க. மருதமுனையில என்ன அலுவல்?"

பதியுதீன் சேர் பதறிப்போனார். ஸம்ஸியாவுக்குத் தெரியாமல் கொடுக்க வைத்திருந்த சேலை வெளியே வந்துவிடுமே என்று பயந்தார். பயத்தில் எச்சிலை விழுங்கப்போக, புளியங்கொட்டை தொண்டைக்குள் இறங்கியது. மூச்சு முட்டியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, கையை விரித்துக்கொண்டு இருமினார். முகம்மது தம்பி ஓடிவந்து முதுகில் ஒரு குத்துக் குத்த, கொட்டை முற்றத்தில் போய் விழுந்தது. ஆனால் முகம்மது தம்பியின் கவனம் கொட்டையில் இருக்கவில்லை. குற்றமுள்ள மனிதனின் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"வேற கலியாணம் பேசுறீங்களா?" என்று நேராகக் கேட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் பழகிய பழக்கம் பதியுதீன் சேரை அங்கேயும் விடவில்லை. பதறியவர் வாயில் வந்தது அதே வாக்கியந்தான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

முகம்மது தம்பி என்ன நினைத்தார் என்பது அன்று தெரு முழுக்கக் கேட்டது.

நிலைமையைச் சரிசெய்ய, பதியுதீன் சேர் உள்ளே ஓடிச் சேலையைக் கொண்டுவந்து, சத்தம் கேட்டுக் கூடிய எல்லார் முன்னாலும் ஸம்ஸியாவின் கையில் கொடுத்தார். முகம்மது தம்பி நம்பவில்லை. அதனால் கலாசாலைப் பயிற்சியில் தொடங்கி விளக்கினார். எந்தத் தறியில் நெய்தது, சாயம் எங்கேயிருந்து வருகிறது, நூலை எப்படி முறுக்குகிறார்கள், கத்தரிப்பூ நிறம் சிவத்த உடம்புக்கு ஏன் எடுப்பாக இருக்கும் என்று ஒன்றையும் விடாமல் விளக்கினார். ஒரு கிழமை அடைத்து வைத்த பேச்சு, வாய்க்கால் உடைத்ததுபோல வந்தது. முகம்மது தம்பி மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினார். ஸம்ஸியாவோ சேலையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடிப்புக் குலையாமல் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தாள்.

அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று பதியுதீன் சேர் எடுத்துக்கொண்டார். முகம்மது தம்பியும் அப்படித்தான் நினைத்தார். அவர் கொஞ்சம் தணிந்த குரலில், "காக்கா, பயிற்சியெண்டா பயிற்சிதான். ஆனா மதினி படுற பாட்டையும் பாக்கணும். இதுக்கு ஒரு முடிவச் சொல்லுங்க" என்றார்.

பதியுதீன் சேர் எழுந்து நின்றார். மேடையில் நிற்பதுபோல நெஞ்சில் கையை வைத்தார்.

"இந்தா, எல்லாருக்கும் முன்னால சொல்றன். வெள்ளிக்கிழமையோட எல்லாம் முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு ஒருநாளும் நான் இவளுக்கிட்டக் கதைக்காம இருக்கமாட்டன். முந்திக் கதைச்சதவிடக் கூடக் கதைப்பன்."

ஸம்ஸியா தாங்கமாட்டாமல் விம்மினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். முகம்மது தம்பிக்கே கண் கலங்கிவிட்டது. பதியுதீன் சேரின் தோளைத் தட்டிவிட்டு, வந்த வழியே போனார். வேலிக்கு அப்பால் நின்ற சபூறா மட்டும் இரண்டு ஆண்களையும் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு ராத்தா ஸம்ஸியாவைத் தேடி உள்ளே வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

மாதிரிப் பாடத்துக்குப் பதியுதீன் சேர் ஒரேயொரு கேள்வியோடு போனார். கடைசி வாங்கில் அபுல் ஹஸனும், அதிபரும், மற்ற விரிவுரையாளர்களும் இருந்தார்கள். மாணவர்களைப் பார்த்து அவர் கேட்டார்:

"பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வராம விடுறாங்க?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். வகுப்பில் மூச்சுச் சத்தங்கூட இல்லை. இந்தக் கேள்விக்கான விடையை அவர் வழக்கமாக ஏழு தலைப்புகளின் கீழ் சொல்வார். அந்த ஏழும் தொண்டைக்குள் முண்டியடித்தன. கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக முறிந்தது. கூரையில் காகம் கரைந்தது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேருக்குச் சுகமில்லையோ என்று ஒருவன் தண்ணீர் எடுக்க எழும்பினான்.

அப்போது சொறிக்கல்முனைப் பக்கத்து முருகேசு மெல்லச் சொன்னான். கதிர் முற்றும் காலத்தில் வயலில் கிளி விரட்ட ஆள் வேண்டும். அவனும் அப்படித்தான் ஒரு போகம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனபோது ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, அடித்தார். அடித்தது நோகவில்லை, கேட்காததுதான் நொந்தது என்றான். பிறகு ஸலாஹுதீன் பேசினான். பாடத்தில் வாசிக்கிற தமிழும் வீட்டில் பேசுகிற தமிழும் வேறாக இருந்ததால், வாயைத் திறந்தாலே வகுப்புச் சிரித்ததாம். ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடங்கினான். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

பதியுதீன் சேர் முறிந்த வெண்கட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் ஏழு தலைப்புகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இதே அறையில், இதே வாங்குகளில், வருஷாவருஷம் எத்தனை பேர் இருந்துவிட்டு எழும்பிப் போனார்கள். அவர்களெல்லாம் என்ன சொல்ல வைத்திருந்தார்களோ. இப்போது எந்தெந்த ஊரில், எந்தெந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, அவரைப் போலவே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்களோ. அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு உட்காரவைக்க ஒரு வழியும் இல்லை. அவருக்குக் கண் கரித்தது. வெண்கட்டித் தூள் பட்டதாகக் காட்டிக்கொண்டு துடைத்தார்.

அபுல் ஹஸன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்குத்தான் சேர் நீங்க படிப்பிச்சிருக்கிறீங்க" என்றார். ஒருவரையும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பும் யோசனை இலாகாவுக்கு இல்லை என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. தங்கராசா ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் பதியுதீன் சேருக்கு ஒரு நினைவு வந்தது. ஸம்ஸியா பிள்ளைக்கு நினைத்து வைத்த பெயரைச் சொல்லாமலே விட்டுவிட்டாள். அதை இன்றைக்குக் கேட்கவேண்டும் என்று எண்ணினார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். ஆனால் முதலில் பாடம் நடந்த விதத்தைச் சொல்லிவிடலாம், அவளும் சந்தோஷப்படுவாள். பேசாமல் இருப்பதன் மகிமையை அவளுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று, பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கொண்டக்டருக்கு ஒரு தடவை சொன்னார். சாய்ந்தமருதில் இறங்கும்போது பேச்சு நன்றாகப் பதமாகிவிட்டிருந்தது.

படலையைத் திறக்கும்போதே தொடங்கினார். முற்றத்தைக் கடக்கும்போது முருகேசுவின் பதிலுக்கு வந்துவிட்டார். அறைக்குள் வந்தபோதுதான் வீட்டில் ஆளில்லை என்பது தெரிந்தது. அடுப்படியில் சோறும் ஆணமும் மூடிக் கிடந்தன. ஸம்ஸியா இல்லை.

வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டார். சபூறா வந்தாள்.

"ராத்தா எங்க?"

"எங்கட வீட்டுக்குள்ள இரிக்கா. விடிஞ்சதிலயிருந்து அழுறா."

"இன்னும் என்னத்துக்கு அழுறா? போய்ச் சொல்லுங்க, பயிற்சி முடிஞ்சிட்டு, இனி நான் பழையபடி கதைப்பன் எண்டு."

சபூறா வேலிக் கிடுகை நெருடினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள்போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அதுக்குத்தான் மச்சான் அழுறா."